வெள்ளவத்தை எங்கே முடிகிறது? கொழும்பின் எண்களும் எல்லைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் வாரப் பத்திரிகையின் வரி விளம்பரங்களை வாசிக்கும் விதமே தனி. முதலில் கண் போவது பகுதியின் தபால் எண்ணுக்கு. கொழும்பு 6 என்றால் பேனையால் ஒரு வட்டம். 13 என்றால் சிலர் தாண்டிப் போவார்கள், வேறு சிலர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் கடல் பக்கமா, தரைப் பக்கமா. எத்தனை அறை, லிஃப்ட் உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் மச்சாள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாற முடிவெடுத்தபோது இப்படித்தான் ஒரு விளம்பரத்தைப் பிடித்தது. வெள்ளவத்தை, கடல் பக்கம், மூன்று அறைத் தொடர்மாடி வீடு. போய்ப் பார்த்தால் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. தரகர் காட்டிய கடதாசிகளில், வீட்டுக்குக் கட்டும் சோலைவரி பில்லும் ஒன்று. அதன் தலைப்பில் கொழும்பு மாநகர சபை இல்லை, தெற்கே அடுத்திருக்கும் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை இருந்தது. மச்சாள் நேரடியாகவே கேட்டாள்.

"அண்ணை, இது தெஹிவளை எல்லோ?"

"பேப்பரில தெஹிவளைதான் அக்கா. ஆனா எங்கட ஆக்கள் எல்லாரும் வெள்ளவத்தை எண்டுதான் சொல்லுறவை. சந்தைக்கு நடந்தே போகலாம். யாழ்ப்பாண பஸ் ஏறுறதுக்கு ஓட்டோ கூடத் தேவையில்லை."

பொய் விளம்பரம் என்று அங்கேயே கோபப்பட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை யோசித்துப் பார்த்தால், அதில் ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. எங்கட ஆக்கள், சந்தை, யாழ்ப்பாண பஸ். தரகருக்கு வெள்ளவத்தை என்பது இந்த மூன்றும் எட்டும் தூரம். மாநகர சபைக்கு அது வேறு, தபால் திணைக்களத்துக்கு வேறு, பொலிசுக்கு வேறு. கொழும்பின் ஒரு பகுதிக்கு எல்லை போடுவது யார், அதற்கு ஒரு முகத்தைத் தருவது எது என்று பார்க்க இந்த ஒரு வீட்டு விவகாரமே போதுமான சாட்சி.

பதினைந்து எண்கள்

கொழும்பு 1 முதல் 15 வரையான எண்கள் தபால் விநியோகத்துக்காகப் போடப்பட்டவை. வரைபடத்தில் விரலை வைத்து வரிசையாகப் போனால் ஒரு சுற்று வரும். 1 கோட்டை. அங்கிருந்து தெற்கே கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4. கடலை விட்டு உள்ளே ஹெவ்லொக் டவுனும் நாரஹேன்பிட்டியும் 5. மறுபடி கடலோரத்துக்கு வந்தால் வெள்ளவத்தை 6. அதோடு தெற்கு முடிந்துவிடுகிறது. பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பி கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, தெமட்டகொடை 9, மருதானை 10, புறக்கோட்டை 11. இந்த 11க்கு வரும்போது தொடங்கிய இடத்தின் வாசலுக்கே வந்துவிட்டோம், கோட்டையும் புறக்கோட்டையும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். மிச்சம் வடக்கு: புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13, கிராண்ட்பாஸ் 14, கடைசியாக முகத்துவாரமும் மட்டக்குளியும் 15. களனி ஆறு குறுக்கே வர எண்களும் நின்றுவிடுகின்றன.

பின்னால் வந்த ஐந்திலக்கத் தபால் குறியீடும் இதையே நீட்டி எழுதியது. வெள்ளவத்தை 00600, கொட்டாஞ்சேனை 01300. தெஹிவளைக்கோ 10350. அந்த வரிசையில் தெஹிவளை சேராது என்பதை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த எண் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். கடலோரமாகத் தெற்கே ஓடும் காலி வீதியின் கட்டட இலக்கங்கள் ஒவ்வொரு பகுதியிலும் புதிதாகத் தொடங்குகின்றன. கோல் ஃபேஸ் ஹோட்டலின் முகவரி 2, காலி வீதி, கொழும்பு 3. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகளுக்குப் பேர்போன யூனிட்டி பிளாசாவின் முகவரி 2, காலி வீதி, கொழும்பு 4. வெள்ளவத்தையில் சவோய் தியேட்டர் மறுபடி 12ஆம் இலக்கம். எண்ணைச் சொல்லாமல் "காலி வீதி, இலக்கம் 2" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் அவர் எந்தக் காலி வீதி என்று கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆக எண்ணுக்கு வேலை உண்டு. ஆனால் அந்த வேலை கடிதம் சேர்ப்பது. அது எப்படிக் கல்யாண விளம்பரத்திலும் காணி விலையிலும் அந்தஸ்தாக மாறியது என்பது தபால்காரருக்குச் சம்பந்தமில்லாத கதை.

ஒரு தெருவுக்கு எத்தனை வரைபடம்

கொழும்பு மாநகர சபை 1865இன் கட்டளைச் சட்டத்தால் வந்தது. இன்று அதன் பரப்பு சுமார் 37 சதுர கிலோமீற்றர். 2012 குடிசனமதிப்பில் அதற்குள் 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். இந்தச் சின்ன இடத்தை ஒவ்வொரு திணைக்களமும் தன் வசதிக்கு வெட்டி வைத்திருக்கிறது.

பிரதேச செயலகம் என்று பார்த்தால் நகருக்குள் இரண்டு: வடக்கும் நடுவும் கொழும்பு செயலகத்துக்கு, வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் அடங்கிய தெற்கு திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கு. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு மாநகர சபையில் 66 வட்டாரங்கள் இருந்தன. பொலிஸ் பிரிவுகளோ வேறு கணக்கு. கொட்டாஞ்சேனை, புளூமெண்டால், கரையோரம், வுல்பெண்டால் என்று வடக்கில் ஒரு மைலுக்குள் இத்தனை பொலிஸ் நிலையங்கள். ஒரே எண்ணுக்குள் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுக்க இரண்டு இடத்துக்குப் போக வேண்டிவரும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது பழைய தேர்தல் தொகுதி. 1947 பொதுத் தேர்தலில் வெள்ளவத்தை–கல்கிசை என்று ஒரு தொகுதி இருந்தது. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அதில்தான் வென்று பாராளுமன்றம் போனார். அன்றைக்கு வெள்ளவத்தையை தெஹிவளையோடும் கல்கிசையோடும் சேர்த்துப் பார்ப்பதில் யாருக்கும் சங்கடமிருக்கவில்லை. பிறகு தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டபோது அந்தப் பெயர் போய்விட்டது, தெற்கே தெஹிவளை–கல்கிசை தனித் தொகுதியானது. தரகர் கட்டடத்தைக் காட்டி "வெள்ளவத்தை" என்றபோது அவர் அறியாமலே 1947இன் வரைபடத்துக்குத்தான் போனார்.

துறைமுகம் வளர்த்த வடக்கு

வெள்ளவத்தையை விளங்கிக்கொள்ள முதலில் 13க்குப் போக வேண்டும். கொழும்புத் தமிழரின் பழைய முகம் அங்கேதான் இருக்கிறது. தெற்கின் கதை அதற்குப் பின்னால் வந்தது.

செட்டியார் தெருவிலிருந்து நடந்தால் இது புரியும். நகைக்கடைகள், நடுவில் கதிரேசன் கோவில்கள். கொஞ்சம் வடக்கே போனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமை என்றால் எந்தச் சமயத்தவர் என்று பிரிக்க முடியாத கூட்டம் வரும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு அங்கேயும் நடந்தது. கோவில் மறுபடி திறந்ததும் செவ்வாய்க் கூட்டமும் திரும்பி வந்துவிட்டது. பக்கத்திலேயே பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொன்னம்பல முதலியார் கட்டியதை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். உள்ளே நின்றால் கொழும்பில் நிற்பதாகவே தோன்றாது. மேட்டில் ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயம். இன்னும் உள்ளே சாந்த லூசியா பேராலயம், தீபதுத்தாராம விகாரை, பள்ளிவாசல்கள். எல்லாமே நடை தூரம்.

இத்தனையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கக் காரணம் துறைமுகம். கடல்வழி வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே தங்கினார்கள்: நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பரதர்கள், கொழும்புச் செட்டிகள், தென்னிந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மலையாளிகள், முஸ்லிம் வணிகர்கள். 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி பத்து வருஷத்தில் முடித்தபோது கொழும்பு பெரிய துறைமுகமானது. அதுவரை முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் மாளிகை வைத்திருந்த பணக்காரர்கள் நிலக்கரித் தூசியையும் வண்டிச் சத்தத்தையும் விட்டு தெற்கே நகர்ந்தார்கள். கறுவாத்தோட்டம் பங்களாக்களின் இடமானது. வடக்கில் தொழிலாளர் வந்து நிறைந்தார்கள். மாளிகை வளவுகளில் வரிசை வீடுகள் எழும்பின. கொழும்பில் "தோட்டம்" என்றால் இன்றைக்கும் அந்த நெருக்கமான வரிசை வீடுகள்தான்.

நெருக்கம் எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 1883 உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலமும் கத்தோலிக்கக் கூட்டமும் கொட்டாஞ்சேனையில் மோதியதை வரலாற்றுப் புத்தகங்கள் கொட்டாஞ்சேனைக் கலவரம் என்றே பதிந்திருக்கின்றன. ஒரு பகுதியின் பெயர் நாட்டின் வரலாற்றில் ஏறுவதற்கு இப்படியும் ஒரு வழி.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வடக்கில் இருப்பவர்கள் எண்ணைச் சொல்லி இடம் சொல்வது குறைவு. ஜிந்துப்பிட்டி, ஐந்துலாம்புச் சந்தி, ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி, விவேகானந்த மேடு என்று சந்தியும் தெருவுமாகத்தான் வாயில் வரும். "13இல் இருக்கிறேன்" என்று சொல்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார். தெற்கே போகப் போக எண் முன்னுக்கு வரும். "கொழும்பு 7" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். எங்கே பெயர்கள் அடர்த்தியாக இருக்கின்றனவோ அங்கே எண் தேவைப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வடக்கையும் தெற்கையும் கட்டிவைத்த கயிறு ஒன்று உண்டு: ஆடிவேல் என்ற முருகன் திருவிழா. செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து தேர் புறப்பட்டு, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி என்று காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தத் திருவிழாவில் தேர் பம்பலப்பிட்டியோடு நின்றுவிடுகிறது, நடுவிலுள்ள கால்வாய்ப் பாலம் தாண்டி வெள்ளவத்தைக்கு வருவதில்லை. தேரின் பாதை போடப்பட்ட காலத்தில் வெள்ளவத்தையில் தமிழர் கூட்டம் என்று சொல்லும்படி எதுவும் இருந்திருக்காது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரயில், மில், அப்புறம் போர்

வெள்ளவத்தைக்கு ஆட்கள் வந்தது துறைமுகத்தால் அல்ல. கரையோர ரயில் பாதை 1870களின் கடைசியில் மொறட்டுவையையும் களுத்துறையையும் எட்டியது. கோட்டையில் வேலை, வெள்ளவத்தையில் வீடு என்பது அதன் பிறகுதான் சாத்தியமானது. காலி வீதியிலிருந்து இரண்டு பக்கமும் கிளை கிளையாக ஒழுங்கைகள் பிரிந்தன. சிலவற்றுக்கு ஆங்கிலத் துரைமாரின் பெயர், சிலவற்றுக்கு வெறும் எண்: 42ஆம் ஒழுங்கை, 55ஆம் ஒழுங்கை, 57ஆம் ஒழுங்கை. அரச உத்தியோகத்தர்களுக்கும் பறங்கியருக்கும் யாழ்ப்பாணத்து கிளார்க்மாருக்கும் அளவான வளவுகள் அங்கே கிடைத்தன.

இன்னொரு பக்கம் மில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இந்தப் பகுதியை ஒரு தொழிலாளர் இடமாகவும் ஆக்கியது. இந்தியத் தொழிலாளர் நிறையப் பேர் வேலை செய்தார்கள், தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் காலத்து வேலைநிறுத்தங்களில் இந்த மில்லும் பேசப்பட்டது. இன்று "குட்டி யாழ்ப்பாணம்" என்று செல்லமாகச் சொல்லும்போது மில்லின் நினைவு வருவதில்லை.

பிறகு நிறுவனங்கள் வந்தன. ஒரு கூட்டம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டது என்பதற்கு வீடுகளைவிட இவைதான் நல்ல சாட்சி. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. 57ஆம் ஒழுங்கையில் அதன் கட்டடமும் நூலகமும் இருக்கின்றன. இராமகிருஷ்ண மிஷன் இருக்கும் தெருவுக்கு இராமகிருஷ்ண வீதி என்றே பெயர். சைவ மங்கையர் வித்தியாலயம், மயூரபதி அம்மன் கோவில், பாலத்துக்கு அந்தப் பக்கம் பம்பலப்பிட்டியில் 1951இல் தொடங்கிய இந்துக் கல்லூரி. கோவிலும் பள்ளிக்கூடமும் மண்டபமும் வந்துவிட்டால், அடுத்து வருபவர் அதைப் பார்த்து வருவார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது பல சாட்சியங்களில் பதிவாகியிருக்கிறது. எந்த வீடு தமிழர் வீடு என்று தெருவில் நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் வெள்ளவத்தை கலந்த இடம். இடாப்பில் மட்டும்தான் அது பிரிந்திருந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. அங்கிருந்தும் மற்ற முகாம்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். ஆடிவேல் தேரும் அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் வீதிக்கு வரவில்லை.

வெள்ளவத்தையின் தமிழ் முகம் அதோடு அழிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1990களில் நாட்டின் வடக்கில் போர் கடுமையாக ஆக, 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர, ஆட்கள் மறுபடி கொழும்புக்கு வந்தார்கள். இந்த முறை உத்தியோகத்துக்கு வரவில்லை. விசாவுக்குக் காத்திருக்க, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு ரெலிபோனில் பேச, ஆஸ்பத்திரிக்கு, அல்லது உயிர் தப்ப. லொட்ஜ், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி, கொம்யூனிகேஷன் கடை, வங்கி இல்லாமல் பணம் கைமாற்றும் உண்டியல்: அந்தக் காலத்து வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இந்த நான்கையும் விட்டுவிட்டு எழுத முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டியிருந்தது; அந்தத் துண்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலானோர் போய் இறங்கியது வவுனியாவில். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம் ஆய்வுக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். தமிழர் பகுதி எது என்று அரசின் எந்த வரைபடத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் எந்தெந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று அன்றைக்குப் பஸ்ஸோடு போனவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே காலத்தில்தான் ஒழுங்கைகளின் உருவமும் மாறியது. தொடர்மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுத 1973இன் சட்டம் ஏற்கெனவே வழி விட்டிருந்தது. வெளிநாட்டுப் பணம் வந்தபோது ஓட்டு வீடுகள் இருந்த வளவுகளில் ஆறு, எட்டு மாடிகள் எழும்பின. முன்பு ரயில் பாதையில் முட்டி நின்ற ஒழுங்கைகளை மரைன் டிரைவ் திறந்துவிட்டது. இன்று அந்த வீதியில் நின்றால் ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும், மறுபக்கம் தொடர்மாடிச் சுவர். அதில் கணிசமான வீடுகள் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ, திறப்பு பக்கத்து வீட்டு அன்ரியிடம்.

அந்தி நேரம் காலி வீதிக்கு வாருங்கள். பஸ் நிலையம் என்று எதுவும் கிடையாது. ரிக்கட் கடைகளின் முன்னால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் சொகுசு பஸ்கள் வந்து நிற்க, நடைபாதையில் பெட்டிகளும் சீமெந்துப் பையில் கட்டிய பொதிகளும் வழியை மறிக்கும். விடிய யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்கள் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் இறக்கிவிட்டுப் போயிருக்கும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி தொடங்குவது கண்டியில், இருந்தும் வெள்ளவத்தைதான் அந்த வீதியின் உண்மையான தெற்கு முனை. தரகர் பஸ்ஸைச் சொன்னது சும்மா இல்லை.

குட்டி யாழ்ப்பாணம் என்ற பெயரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இங்கே விகாரை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, தலைமுறையாக வாழும் சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன, கால்வாயோரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. மலையகத்திலிருந்து கடைகளில் வேலைக்கு வந்த பையன்கள்தான் பாதிச் சந்தையை நடத்துகிறார்கள். பெயர் அவர்களையெல்லாம் விட்டுவிடுகிறது.

பெயர் ஓடும் திசை

சரி, மச்சாளின் வீட்டுக்கு வருவோம். வெள்ளவத்தை என்ற பெயர் தெற்கே எல்லையைத் தாண்டி தெஹிவளைக்குள் போகிறது. வடக்கே அப்படிப் போவதில்லை. சவோய் தியேட்டர் பக்கத்துப் பாலத்துக்குக் கீழே ஓடும் கால்வாயைத் தாண்டிவிட்டால் யாரும் பம்பலப்பிட்டி வீட்டை வெள்ளவத்தை என்று விற்கமாட்டார்கள். அங்கே கடல் அதே கடல், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள், கோவிலும் பள்ளிக்கூடமும் இரண்டு பக்கத்தாருக்கும் பொது. என்றாலும் எல்லை இறுக்கமாக நிற்கிறது.

கால்வாய் கண்ணுக்குத் தெரியும் எல்லை என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் விலை. கொழும்பு 4 என்பது 6ஐவிடக் குறைந்த பெயர் அல்ல, ஆகவே அதை மாற்றிச் சொல்ல விற்பவருக்குத் தேவையில்லை. தெஹிவளை என்று போட்டால் விலை இறங்கும், வெள்ளவத்தை என்று போட்டால் ஏறும். விலை கூடிய பெயர் விலை குறைந்த பக்கத்துக்குத்தான் வழியும்.

இதற்கு நல்ல ஆதாரம் அந்தப் பழைய மில்லின் காணி. நூற்பாலையாக இருந்தவரை அதற்கு வெள்ளவத்தையின் பெயர். ஆலை மூடி, அதே நிலத்தில் ஆடம்பரத் தொடர்மாடிகளும் அங்காடியும் எழும்பியபோது அதன் பெயர் ஹெவ்லொக் சிட்டி. நிலம் ஓர் அடி கூட நகரவில்லை. தொழிலாளி நெய்த இடத்துக்கு ஒரு பெயர், கோடிக்கணக்கில் வீடு விற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பகுதியின் பெயர். மச்சாளின் தரகர் செய்ததைத்தான் பெரிய அளவில் அங்கேயும் செய்திருக்கிறார்கள். என்ன, அங்கே யாரும் "இது வெள்ளவத்தை எல்லோ" என்று கேட்கவில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. கொம்பனித்தெருவில் பெயர் அப்படியே இருந்தது, ஆட்கள்தான் போனார்கள். மலாய்க்காரரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த ஒழுங்கைகளில் 2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. பிறகு மற்ற ஒழுங்கைகளும் போயின. பேர வாவியைப் பார்த்தபடி அடுக்குமாடிக் கோபுரங்கள் வந்தன. நகரின் நடுவிலிருந்து இப்படி எழுப்பப்பட்ட குடும்பங்களில் பலருக்கு தெமட்டகொடை, முகத்துவாரம் பக்கங்களில் அரசின் அடுக்குமாடிகளில் வீடு கிடைத்தது. கொழும்பு 2இல் இருந்தவர் 15க்குப் போனால் தபால் வந்துவிடும். பக்கத்து வீட்டார் வருவார்களா என்பது குலுக்கலில் விழும் மாடியைப் பொறுத்தது.

வீட்டுக்கு என்ன ஆனது

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் உண்மையில் என்ன மாறுகிறது என்று மச்சாள் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போய் விசாரித்தாள். சோலைவரி வேறு சபைக்குக் கட்ட வேண்டும், குப்பை எடுக்க வருவதும் அந்தச் சபையின் லொறிதான். கட்டட அனுமதி, கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ் இரண்டையும் அங்கேதான் சரிபார்க்க வேண்டும். கிராம சேவகரும் பிரதேச செயலகமும் வேறு. வதிவிடச் சான்றிதழுக்கும் வாக்காளர் பதிவுக்கும் தெஹிவளைப் பக்கம் ஏறி இறங்க வேண்டும்.

அவளுக்குப் பெரிய கவலை சின்னவனின் முதலாம் தரம். கொழும்பு 6 முகவரி இருந்தால்தான் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களில் இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அரச பாடசாலை அனுமதிச் சுற்றறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. எத்தனை வருஷம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் எவ்வளவு தூரம், நடுவில் வேறு பாடசாலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். தபால் எண்ணுக்குப் புள்ளி கிடையாது. எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு வீடு, கொழும்பு 6க்குள்ளேயே வரும் பாமன்கடையின் உள்பக்கத்து வீட்டைவிடப் பாடசாலைக்குக் கிட்டவாக இருக்கலாம். புதிதாகக் கொழும்புக்கு வருபவர்களுக்கு உண்மையில் அடி விழுவது வாக்காளர் பதிவு வருஷங்களில்தான். அதை 6ஆம் எண்ணாலும் காப்பாற்ற முடியாது.

இவ்வளவையும் பார்த்த பிறகு அவர்கள் அந்த வீட்டையே வாங்கினார்கள், விலையில் மட்டும் இழுபறி. மச்சாளின் வாதம் எளிமையானது: "வெள்ளவத்தை எண்டு விக்கிறியள், தெஹிவளை எண்டு வரி கட்டுறியள். நான் வரி கட்டுற பேருக்குத்தான் காசு தருவன்." தரகர் சிரித்துவிட்டு உரிமையாளருக்கு ஃபோன் எடுத்தார், கொஞ்சம் இறங்கியது. வெள்ளவத்தையில் அதே அளவு வீட்டுக்குக் கேட்பதைவிடக் குறைவுதான், தெஹிவளையின் உள்பக்கத்தில் கேட்பதைவிடக் கூடத்தான்.

இப்போது அவர்கள் கடிதம் வர வேண்டிய இடங்களுக்கெல்லாம் தெஹிவளை என்று எழுதுகிறார்கள். ஊரிலிருந்து யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் வெள்ளவத்தை. விளம்பரம் பார்த்து வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பெயர்ப்பலகையையும் தரகரையும் கேட்பதற்கு முன் கடைசிக் காலாண்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்தச் சபையின் பெயர் போட்டிருக்கிறதோ அந்த விலையிலிருந்து பேரம் பேசத் தொடங்குங்கள்.